ஆற்றைக் கடந்த குரல்

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தை இப்பக்கத்து மக்கள் எளிதில் மறவார். ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கும் ஆறு, அந்நாளில் கரைகொள்ளாமல் ஓடிற்று. மாணவர் சிலராகிய நாங்கள் உணவும் மருந்தும் சுமந்துகொண்டு பள்ளிகொண்டாவை அடைந்தோம். பாதிப்பேர் அங்கேயே தங்க, மற்றையோர் குடியாத்தம் பக்கத்துக் கரைக்குச் சென்றனர்.

மாலையில் கைப்பேசிகள் ஊமையாயின. அக்கரையில் முதியவர் ஒருவர் இன்சுலின் மருந்து கிட்டாமல் சோர்ந்து கிடந்தார். மருந்துப் பெட்டியோ எங்களிடம் இருந்தது. சுற்றுவழியாக ஆள் வந்து செய்தி சொல்லி, மருந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம் சென்றது. இறைவன் கிருபையால் அவர் பிழைத்தார். ஆயினும், கண்ணுக்கெட்டிய கரைக்கு எங்கள் குரல் எட்டாமற்போன துயரம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆகவே வாக்கி-டாக்கிக் கருவிகள் வாங்கத் துணிந்தோம். முதலில் ஆசை போனது, ஆற்றல் மிகுந்த கருவிகளின்மேல். எங்கள் பேராசிரியர் தடுத்து, "தம்பிகளே, முதலில் சட்டத்தைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்" என்றார். நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில், விதித்த அளவுக்குட்பட்ட சிற்றாற்றல் கருவிகளுக்கே உரிமம் வேண்டுவதில்லை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அமெச்சூர் அலைவரிசையில் பேசுவதற்குத் தேர்வெழுதி உரிமம் பெறவேண்டும். எனவே உரிமம் வேண்டாத இரு கருவிகளையே வாங்கினோம்.

பெட்டியின்மேல் பல கிலோமீட்டர் எட்டும் என்று அச்சிட்டிருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் சாலைகளின் சுவர்களுக்கும் தகரக் கூரைகளுக்கும் இடையே பேசிப் பார்த்தோம். இரண்டு தெரு கடக்குமுன் குரல் மறைந்தது. அதே கருவிகள் பாலாற்று மணல்வெளியில் ஒரு கரையினின்று மறுகரைக்குத் தெளிவாய்ப் பேசின. கருவி மாறவில்லை, இடமே மாறிற்று.

காரணம் யாதெனில், இவ்வலைகள் பெரும்பாலும் பார்வை செல்லும் வழியே செல்வன. நிற்பவன் கையில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருக்கும் கருவிக்கு, தடையற்ற சமவெளியில் வானொலி அலையின் தொடுவான் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 16 மீட்டர் உயரமுள்ள மாடிக்கு ஏறினால் அது 16 கிலோமீட்டரைத் தாண்டும். ஆற்றலைக் கூட்டுவதோ செலவு மிக்க வழி. வெட்டவெளியிலேயே தூரத்தை இருமடங்காக்க ஆற்றலை நான்மடங்காக்க வேண்டும். தரையை ஒட்டிப் பேசுங்கால் ஏறக்குறையப் பதினாறு மடங்கு வேண்டும். சகேயு குள்ளன். அவன் தன் உடலை நீட்ட முயலவில்லை. காட்டத்தி மரத்தில் ஏறினான். வானொலியாளனுக்கும் அவனே ஆசான்.

ஏரியலைப் பற்றியும் ஒரு பாடம் கற்றோம். எங்களில் ஒருவர் கருவியைக் கிடையாகப் பிடித்துப் பேச, அக்கரையில் குரல் தேய்ந்தது, நிமிர்த்தியதும் தெளிந்தது. இருபுறத்து ஏரியல்களும் ஒரே திசையில் நிற்றல் வேண்டும். பள்ளிகொண்டாவில் சயனக் கோலம் அரங்கநாதப் பெருமானுக்குத் தகும். ஏரியலுக்குத் தகாது என்று நகைத்துக்கொண்டோம்.

ஏரியலின் நீளமும் அலைநீளத்திற்கு இசைந்திருத்தல் வேண்டும். 446 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். 145-இல் அரை மீட்டருக்குச் சற்று மிகுதி. அதனினும் மிகக் குறுகிய ரப்பர்க் குச்சி சட்டைப்பைக்கு வசதி, குரலுக்கு நஷ்டம். உரிமம் வேண்டாத கருவிகளில் பெரும்பாலும் ஏரியலைக் கழற்றி மாற்ற இயலாது. அமெச்சூர் உரிமம் பெற்றவரோ நல்ல ஏரியலை மாடியில் நாட்டிக்கொள்ளலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட்பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய தோழர்களும் அமெச்சூர் வானொலியினாலேயே உற்றாரின் செய்திகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பினர்.

இப்போது எங்களில் இருவர் அத்தேர்வுக்குப் படித்து வருகின்றனர். மற்றையோர் மழைக்காலத்திற்கு முன்னரே இரு கரைகளிலும் உயர்ந்த மாடிகளைக் குறித்து வைத்து, உரியவர்களிடம் அனுமதியும் பெற்றிருக்கிறோம். மின்கலங்களை நிரப்பி வைப்பதும், பேசுமுன் கேட்பதும், சுருங்கச் சொல்லுவதும் எங்கள் விதிகள். இடி மின்னல் வேளையில் ஒருவரும் மாடி ஏறலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று.

பாலாறு மீண்டும் பெருகுமாயின், மருந்து வேண்டி ஒரு குரல் இரண்டு மணி நேரம் காத்திராது என்று நம்புகிறோம்.