பழுப்பு நிறத்தில் ஒருத்தி

கான்பெராவின் தேசியத் தாவரவியல் பூங்காவில் ஃபேரி ரென் குருவிகளுக்குப் பஞ்சமில்லை. பத்து கிராம் எடை, விறைத்து நிற்கும் வால். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையில் மின்னும் நீலத்துக்காகவே எல்லாக் கேமராக்களும் காத்திருக்கின்றன. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பழுப்புப் பெண்ணின் படங்கள். அலகும் கண்ணோரமும் செம்மஞ்சள். புதரடியில் ஒரு நொடி நிற்பாள், அடுத்த நொடி இருக்கமாட்டாள்.

ஒரு நீல ராஜா, அவனுக்கோர் அந்தப்புரம் என்றே இந்தக் கூட்டத்தைப் பலரும் சொல்லிவந்தார்கள். காலில் வளையமிட்டுப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. குளிர்காலப் பழுப்புக் குருவிகளில் பல, நீலத்தை உதிர்த்த ஆண்கள். பெண்ணோ விடியுமுன் எல்லை தாண்டிப் பறந்து, தான் தேர்ந்த ஆணைச் சேர்ந்து திரும்புகிறாள். பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தந்தை வேறு கூட்டத்து ஆண். கூடு கட்டி அடைகாப்பவள் அவளே. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு அவள் ஓர் ஒலியைக் கற்றுத் தருகிறாள், வெளிவந்தபின் குஞ்சு அதைச் சொல்லியே இரை கேட்கிறது என்று 2012இல் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

மங்கலாகத் தெரிபவளுக்குக் கதை கிடையாது என்பது பார்ப்பவரின் பழக்கம்தான். அங்கே போகும் தோழிகளிடம் சொல்கிறேன்: நீலம் பறந்துபோன பிறகும் கேமராவை இறக்காதீர்கள்.