ஒரு சிறு வளையம்

பொறிகள் எல்லாம் பெரிய உறுப்புகளால்தான் பழுதடைகின்றன என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தாலும் ஓர் எஞ்சின் நின்றுவிடும். இதனை நான் பாடநூலில் கற்கவில்லை. தில்லி கரோல் பாக்கில் ஒரு பட்டறை வாசலில் கற்றேன்.

கரோல் பாக் இடம்பெயர்ந்தோரால் வளர்ந்த பகுதி. 1920களில் புது தில்லி எழுப்பப்பட்டபோது தம் நிலத்தை இழந்த சிற்றூர் மக்கள் இங்குக் குடியேறினர். 1947இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் இங்கு வாழ்வைத் தொடங்கினர். அரசுப் பணிக்காக வந்த தமிழ்க் குடும்பங்களும் பல. இங்குள்ள நாயிவாலா சந்தும் அதனை அடுத்த தெருக்களும் இருசக்கர வண்டிகளின் உதிரிப்பாகங்களுக்கும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்றவை. 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட் வண்டிகள் அங்கு வரிசையாக நிற்கும். “இவையும் நம் ஊரிலிருந்து பிழைக்க வந்தவைதாம்” என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

எங்களிடம் இருந்தது பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர். அக்காலத்தில் அதனை வாங்கப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்பா காலையில் அலுவலகம் செல்வதும், மாலையில் தமிழர் வீடுகளுக்கு அம்மா அரைத்த காப்பிப்பொடியைக் கொண்டுசேர்ப்பதும் அந்த வண்டியில்தான். என் பள்ளிக் கட்டணமும் அந்தக் காப்பிப்பொடியிலிருந்தே வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆண்டின் குளிர்காலத்தில் வண்டி நீலம் கலந்த வெண்புகையைக் கக்கத் தொடங்கியது. பிளக்கைத் துடைத்துப் போட்டால் ஓடும். சிறிது தொலைவு சென்றதும் மீண்டும் இருமும். ஒரு பட்டறையில் காட்டினோம். சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் வளையங்களும் போட வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய தொகை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை விட மிகுதி. வண்டியை விற்றுவிடலாமா என்று அன்றிரவு அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

மறுநாள் ஒரு முதிய சர்தார்ஜியின் பட்டறைக்குச் சென்றோம். அவர் உடனே திருகுசாவியைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தார். அது இறுக்கமாக எதிர்த்தது. “பாபுஜி, சிலிண்டர் வலிமையோடுதான் இருக்கிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் இந்த எதிர்ப்பு இராது” என்றார். பின்பு பிளக்கைக் கழற்றினார். அது கருமையாய், எண்ணெயில் நனைந்திருந்தது.

“எண்ணெய் எரிவதால்தானே புகை வருகிறது? அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? சொல் பேட்டா” என்று என்னைக் கேட்டார். பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் என்றேன். “அதை உன் அப்பா அளவாகத்தானே ஊற்றுகிறார்?” என்று கூறியவாறு கியர்ப் பெட்டியின் அளவுத் திருகைக் கழற்றினார். எண்ணெய் வழியவே இல்லை. மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டும் ஒழுகியதில்லை. உள்ளே எஞ்சியிருந்த எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாசம் அடித்தது. “கிளட்ச் பக்கத்துச் சீல் போய்விட்டது” என்றார்.

அவர் விளக்கியதன் பொருள் இது: டூ ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு எஞ்சினில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையும் மூச்சு விடுகிறது. பிஸ்டன் மேலே செல்லும்போது அந்த அறை பெட்ரோல் கலவையை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதனை அழுத்தி மேலே அனுப்புகிறது. கிராங்க் தண்டு அந்த அறையிலிருந்து வெளியேறும் இரு பக்கங்களிலும் ஆயில் சீல் எனப்படும் ரப்பர் வளையம் உண்டு. அதன் மெல்லிய உதட்டை ஒரு நுண்ணிய சுருள்வில் தண்டோடு அணைத்துப் பிடித்திருக்கும். கிளட்ச் பக்கத்து உதடு தேய்ந்தால், உறிஞ்சும்போது கியர் எண்ணெய் உள்ளே புகுந்து எரியும். அழுத்தும்போது பெட்ரோல் கியர்ப் பெட்டிக்குள் கசியும். மேக்னெட் பக்கத்து வளையம் தேய்ந்தாலோ காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறைந்து பிளக் வெளிறும். ஆக்சிலேட்டரைத் தணித்தாலும் எஞ்சின் அடங்காமல் அலறும். வெப்பம் மிகுந்து பிஸ்டன் இறுகிப்போகவும் கூடும்.

கிளட்ச் பக்கத்து வளையத்தை மாற்ற எஞ்சினை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கூலி ஆயிற்று, ஆனால் வளையங்களின் விலை சில ரூபாய்களே. பிரித்த பின், பழைய வளையம் எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்பதைக் குறித்துக்கொண்ட பிறகே அதனை எடுத்தார். அதன் உதடு வெப்பத்தால் இறுகி, தோல்போல் விறைத்திருந்தது. பின்பு கிராங்க் தண்டின் மீது தம் விரல் நகத்தை ஓட்டினார். “நகம் எங்கேனும் தடுக்கினால் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். புதிய வளையமும் விரைவில் தேயும்” என்றார். நகம் தடுக்கவில்லை. பேரிங்கையும் அசைத்துப் பார்த்தார். தண்டு ஆடினால் எந்த வளையமும் நிலைக்காதாம்.

புதிய வளையத்தின் உதட்டில் எண்ணெய் தடவினார். அதே அகலமுள்ள குழாய்த்துண்டை மேலே வைத்து, சாயாமல் மெல்லத் தட்டி இறக்கினார். சுத்தியல் ஒருமுறைகூட ரப்பரின் மீது நேரே படவில்லை. எஞ்சின் பிரிந்திருக்கும்போதே மேக்னெட் பக்கத்து வளையத்தையும் மாற்றினார். மூடும்போது இடையில் புதிய கேஸ்கட் வைத்தார்.

மாலையில் வண்டியை உதைத்தார். முன்னிலும் அடர்த்தியாகப் புகை எழுந்தது! அப்பாவின் முகம் வாடியது. சர்தார்ஜி பதறவில்லை. “சைலன்சருக்குள் தேங்கிய பழைய எண்ணெய் எரிய வேண்டாமா?” என்று கூறித் தேநீர் வரவழைத்தார். நாங்கள் பருகி முடிப்பதற்குள் புகை மெலிந்தது, பின்பு மறைந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். அந்த வண்டி மேலும் பல ஆண்டுகள் காப்பிப்பொடியைச் சுமந்தது.

இந்த வளையத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் பிராய்டன்பர்க் என்னும் தோல் பதனிடும் நிறுவனம் 1930களில் இதனைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. முதலில் உதடு தோலால் ஆனது. பின்னரே செயற்கை ரப்பர் வந்தது. இன்று இரு வீச்சு ஸ்கூட்டர்கள் சாலைகளில் அரிதாகிவிட்டன. ஆயினும் கடை வாசலில் உறுமும் ஜெனரேட்டரிலும் வயலில் ஓடும் டீசல் பம்புசெட்டிலும் இதே வளையம் உழைக்கிறது. அத்தகைய நான்கு வீச்சு எஞ்சினில் புதிய சீல் போட்டும் எண்ணெய் கசிந்தால், எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே அழுத்தம் மிகுந்தால் நல்ல வளையமும் தோற்றுப்போகும்.

எதையும் கழித்து ஒதுக்குவதற்கு முன் “இது எங்கிருந்து வருகிறது?” என்று கேட்கும் பழக்கத்தை அந்தப் பட்டறையிலிருந்து பெற்றேன். புகையைக் கண்டு சிலிண்டரைக் குறைகூறுவது எளிது. மட்டத்தைப் பார்த்து, முகர்ந்து, நகத்தால் தடவி, உண்மையான காரணத்தைக் காண்பதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையும் ஒரு கல்விதான். கரியும் எண்ணெயும் படிந்த கைகளிடமிருந்தும் நாம் அதனைக் கற்கலாம்.