இயந்திரத்துக்கும் நாடி உண்டு

நாடி பிடித்து நோயறியும் பரியாரியார் நோயாளியின் உடலைக் கீறிப் பார்ப்பதில்லை. மணிக்கட்டிலே விரலை வைத்து, கண்ணையும் நாவையும் நோக்கி, நாலு கேள்வி கேட்டு, உள்ளே நடப்பதை அறிந்துகொள்கிறார். இயந்திரத்துக்கும் இத்தகைய நாடி ஒன்று உண்டு. அதுவே அதன் எண்ணெய். இயந்திரத்தின் மூலை முடுக்கெல்லாம் சென்று திரும்பும் எண்ணெய், சென்றவிடத்தில் எது தேய்ந்ததோ அதன் துகளையும் உடன் கொண்டு வருகின்றது. அத்துகளைத் தடுத்து வைத்திருப்பது வடிகட்டி. பழைய வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவோர், வந்த கடிதத்தைப் பிரித்துப் பாராமலே அடுப்பில் இடுவோருக்கு ஒப்பாவர்.

இதனை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டில் நிற்கும் றோயல் என்பீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்திலே றெடிச் என்னும் ஊரில் செய்யப்பட்ட 350 சீ.சீ. வண்டி அது. இவ்வினத்தை 1955ஆம் ஆண்டு முதல் சென்னையிலும் செய்யத் தொடங்கினர். றெடிச் தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்தும், புல்லட் என்ற பெயரில் சென்னையிலே இன்றும் வண்டிகள் வெளிவருகின்றன.

என் தந்தையார் ஓர் ஆசிரியர். 1961இல் வாங்கிய அவ்வண்டியிலேயே முப்பது ஆண்டுகள் பாடசாலைக்குப் போய் வந்தார். 1990களிலே யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிருந்த காலத்தில், ஊரில் ஓடிய ஏனைய வண்டிகளைப் போலவே இதுவும் மண்ணெண்ணெயில் ஓடிற்று. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பர். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உலோகத்தை உலோகத்திலிருந்து பிரித்து வைக்க மாட்டாது. அன்றைய நெருக்கடியில் இதனை யார்தான் எண்ணிப் பார்த்தார்கள்! வண்டி ஓடியதே பெரும் பேறாயிருந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் என் மகன், சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, "அப்பா, திரும்பிப் போகும்போது தாத்தாவின் வண்டியிலேயே போகப் போகிறேன்" என்றான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ-9 வீதி வழியே ஏறத்தாழ 320 கிலோமீற்றர். பேரனுக்கு அது ஆசை. அவன் தாய்க்கோ அச்சம். பயணத்துக்கு ஆயத்தமாக எண்ணெயை மாற்றியபோது, வடிகட்டியின் மடிப்புகளிலே வெள்ளிப் பொடி தூவியது போன்ற ஒரு மினுமினுப்பைக் கண்டோம்.

ஒரு கராஜிலே காட்டினோம். "பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும். எண்ணெயை ஊற்றி ஓடுங்கள்" என்றார்கள். இன்னொரு கராஜிலே, "இயந்திரம் முடிந்துவிட்டது. இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். இரு திறத்தாரும் துகளை ஒரு கணத்துக்கு மேல் உற்று நோக்கவில்லை. முதலாவது சொல்லை நம்பினால் மகனின் உயிருக்கு ஆபத்து வரலாம். ஓடும் வேளையில் இயந்திரம் இறுகினால் பின்சில்லும் உடனே இறுகி நிற்கும். இரண்டாவது சொல்லை நம்பினால் தந்தையாரின் நினைவாக எஞ்சியிருக்கும் பொருளை இழக்க வேண்டும்.

அயலிலே ஒரு முதியவர் இருக்கிறார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில், 1990இல் அது ஓய்ந்துபோகும் வரை, பிற்றராக வேலை செய்தவர். அவரிடம் சென்றோம். "தம்பி, முதலில் துகள் எந்த உலோகம் என்று கேட்போம். பிறகு அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்போம். அதற்குப் பிறகுதான் என்ன செய்வது என்று கேட்க வேண்டும்" என்றார். கராஜுக்காரர்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்கியதே எங்கள் குழப்பத்துக்குக் காரணம் என்பது அப்பொழுது விளங்கிற்று.

வடிகட்டியின் கம்பளி உறையை அவர் கத்தியால் நீளவாட்டில் கீறி விரித்தார். வெள்ளைப் பீங்கான் தட்டிலே மண்ணெண்ணெய் விட்டு அலசினார். அலசிய நீர்மத்தை வெள்ளைத் துணியில் வடித்து, துணியை வெயிலிலே பிடித்து, பூதக்கண்ணாடியால் நோக்கினோம்.

ஒவ்வோர் உலோகமும் தன் முகத்தைக் காட்டும் விதம் வேறு. சாம்பல் நிறமான பசை போன்ற நுண்தூள் சாதாரணத் தேய்மானத்தின் அடையாளம். புதிதாகப் பூட்டிய இயந்திரத்தில் அது சற்று மிகுதியாகவே இருக்கும். மீன் செதிளைப் போலப் பளபளக்கும் உருக்குத் தகடுகள் தென்பட்டால், போல்பெயரிங்கோ பற்சில்லோ மேற்றோல் உரிகின்றது என்று கொள்ளலாம். பொன்னிறத் துகள் வெண்கலத்தினது. கொனெக்ரிங் றொட்டின் மேல்முனையிலுள்ள புஷ்ஷை அது சுட்டும். வெள்ளி நிறத் துகளோ பெரும் வஞ்சகன். அது பிஸ்டனின் அலுமினியமாகவும் இருக்கலாம், பெயரிங்கின் வெள்ளை உலோகமாகவும் இருக்கலாம்.

முதற் சோதனை காந்தம். மெல்லிய கடதாசியில் சுற்றிய காந்தத்தைத் துணியின் மேல் ஓட்டினார். சிறிதளவு சாம்பல் தூளே அதில் ஒட்டியது. வெள்ளித் தகடுகள் அசையவில்லை. "காந்தம் பொய் சொல்லாது தம்பி. ஆனால் முழுவதையும் சொல்லவும் மாட்டாது" என்று சிரித்தார் முதியவர். இரும்பும் உருக்கும் குற்றவாளிகள் அல்லர் என்பது மட்டும் தெளிவாயிற்று.

எஞ்சிய இரு சந்தேக நபர்களையும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. பழைய புல்லட்டின் பிக் என்டிலே, கிராங்க் பின்னுக்கும் றொட்டுக்கும் இடையில் ஒரு மிதக்கும் புஷ் உண்டு. உருக்கினாலான அதன் உள்ளும் புறமும் வெள்ளை உலோகம் பூசப்பட்டிருக்கும். வெள்ளீயத்தோடு அந்திமனியும் செம்பும் சேர்ந்த இக்கலவையை 1839ஆம் ஆண்டில் ஐசாக் பாபிற் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். எண்ணெய் குறைந்த கணத்தில் தான் தேய்ந்து, விலையுயர்ந்த உருக்கைக் காப்பது இதன் இயல்பு.

வெள்ளை உலோகம் ஏறக்குறைய 240 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். அலுமினியத்துக்கோ 660 பாகை வேண்டும். துகள்களைச் சவர்க்கார நீரில் கழுவி நன்றாக உலர்த்தி, ஓட்டுத் துண்டொன்றின் மேல் வைத்து, ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலால் தொட்டார். அவை உடனே உருகி மணியாய்த் திரண்டன. அதனோடும் அவர் அமையவில்லை. இரண்டு கண்ணாடிக் குவளைகளிலே குளிர்ந்த கோஸ்டிக் சோடாக் கரைசல் எடுத்தார். ஒன்றில் பழைய பிஸ்டனிலிருந்து அராவிய அலுமினியத் தூளையும், மற்றதில் நம் துகளையும் இட்டார். முன்னதில் குமிழிகள் பொங்கின, பின்னது வாளாவிருந்தது. ஐயம் தீர்ந்தது.

(மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கோஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரிக்க வல்லது. எழும் வாயுவும் தீப்பற்றக் கூடியது. பெரியோர் துணையின்றி இதனைச் செய்யற்க. நீரிலே சோடாவை இட வேண்டுமேயன்றிச் சோடாவின் மேல் நீரை ஊற்றலாகாது.)

அடுத்தது இரண்டாவது கேள்வி. இவ்வண்டியிலே பம்பு தள்ளும் எண்ணெய், வடிகட்டியைக் கடந்த பின்பே பிக் என்டுக்குச் செல்கின்றது. அங்கிருந்து கீழே சிந்தியதை இன்னொரு பம்பு எண்ணெயறைக்கு மீட்டும் அனுப்புகின்றது. ஆகவே பிக் என்டில் உரிந்த தகடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தே வடிகட்டியில் அகப்பட்டிருக்கின்றது. அது மீண்டும் பெயரிங்கினுள் புகாமல் வடிகட்டி காத்தது உண்மை. ஆனால் உரிவது நின்றபாடில்லை.

இனி ஐயமின்றி இயந்திரத்தைத் திறக்கலாம் என்றார் முதியவர். சிலிண்டரைக் கழற்றி, றொட்டை நேரே மேல்நோக்கி இழுத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் சிறிது அசைவது குற்றமன்று. மேலும் கீழும் அசையவே கூடாது. எங்கள் றொட் அசைந்தது. புஷ்ஷை வெளியில் எடுத்தபோது, வெள்ளை உலோகம் திட்டுத் திட்டாய் உரிந்து உருக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நற்பேறாக, கிராங்க் பின்னிலே ஒரு கீறல்தானும் இல்லை. இன்னும் சில நூறு கிலோமீற்றர் ஓடியிருந்தால் உருக்கு உருக்கோடு உராய்ந்திருக்கும்; வன்னிக் காட்டு வீதியிலே என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ண என் மனைவி இன்றும் விரும்புவதில்லை.

மகன் அம்முறை பஸ்ஸிலேயே பேராதனைக்குப் போனான். புஷ் வந்து சேர இரண்டு மாதமாயிற்று. பூட்டியபின் 100 கிலோமீற்றரிலும், 500இலும், 1,500இலும் வடிகட்டியைத் திறந்து பார்த்தோம். முதன்முறை சாம்பல் தூள் மிகுந்திருந்தது. அடுத்த முறை குறைந்தது. மூன்றாம் முறை துணியிலே நிழல் போல ஒரு கறை மட்டும். வெள்ளித் தகடு ஒன்றேனும் இல்லை. அடுத்த விடுமுறை முடிந்தபோது மகன் வண்டியிலேயே புறப்பட்டான். தாயார் அவனைத் தடுக்கவில்லை. மூன்று துணிகளையும் அவரும் பார்த்திருந்தார்.

இவ்வாறு எண்ணெயைச் சோதிப்பது வெறும் பட்டறை வித்தையன்று. 1940களிலேயே அமெரிக்கப் புகையிரதப் பகுதியினர் டீசல் இயந்திரங்களின் எண்ணெயை ஆய்வுகூடத்தில் சோதித்து, அதில் கலந்துள்ள உலோகங்களை அளந்து, வரப்போகும் பழுதை முன்கூட்டியே அறியத் தொடங்கினர். இன்று விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அது வழக்கமான காரியம். நம்மிடம் ஆய்வுகூடம் இல்லை. ஒரு காந்தம், ஒரு வெள்ளைத் துணி, ஒரு பூதக்கண்ணாடி ஆகியவை எந்த வீட்டிலும் உண்டு.

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்போர் ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும், வடிகட்டியில் கண்டதைச் சிறு குப்பியில் இட்டுத் திகதியையும் ஓடிய தூரத்தையும் எழுதி வைப்பார்களாக. ஒரு குப்பி அதிகம் சொல்லாது. மூன்று குப்பிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், தேய்மானம் தணிகின்றதா, வளர்கின்றதா என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். "ஒன்றுமில்லை" என்று சொல்வோரையும் "எல்லாம் போயிற்று" என்று சொல்வோரையும் அந்தக் குப்பிகளுக்கு முன்னால் அழைத்துச் சென்று, அதன்பின் அவர்கள் சொல்வதைக் கேட்கலாம்.