பரங்கிப்பேட்டைக்கு வழி

பயணத்திற்கு அரபுமொழியில் ‘ஸஃபர்’ என்று பெயர். மூடியிருப்பதை விலக்கி வெளிப்படுத்துதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. உடன் வருவோரின் குணங்களை வெளிப்படுத்திவிடுவதால்தான் பயணத்திற்கு அப்பெயர் வந்தது என்று மொழியறிஞர் விளக்கம் கூறுவர். மதரஸாவில் முப்பது ஆண்டுகளாக இதை மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். வண்டி புறப்படுவதற்கு முன்பே, திட்டமிடும்போதே, அந்த வெளிப்பாடு தொடங்கிவிடும் என்பதை இந்த ஆவணியில்தான் தெரிந்துகொண்டேன்.

என் அக்காவைக் காரைக்காலில் கொடுத்திருந்தோம். மச்சானின் குடும்பம் பிரஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் ஒன்று. 1954இல் பிரஞ்சு ஆட்சி நீங்கி, 1962இல் ஒப்பந்தம் முழுமை பெற்றபோது அப்படித் தேர்ந்துகொண்டோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பலர். பின்னர் அவர்கள் பிரான்சிலேயே தங்கிவிட்டார்கள். அக்காவின் மகன் ஐந்து வார விடுமுறையில் திண்டிவனம் வந்திருந்தான். வந்த மறுநாளே உணவு மேசையின் மீது ஒரு பெரிய வரைபடத்தை விரித்தான்.

“மாமா, அடுத்த கோடையில் நீங்கள் எங்களோடு வருகிறீர்கள்” என்றான்.

அவனிடம் வீட்டு வண்டி ஒன்று இருக்கிறது. நம் ஊரில் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் என்று சொன்னால் எளிதில் விளங்கும், அதைவிடச் சிறியது. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பிடம் எல்லாம் உண்டு. பிரான்சின் தென்கரையிலிருந்து புறப்பட்டு ஸ்பெயின் கரையோரமாகவே வலென்சியா, அல்மேரியா, மலாகா என்று சென்று, முடிவில் உள்நாட்டில் திரும்பிக் குர்துபாவைப் பார்ப்பதாகத் திட்டம்.

அந்த வரைபடத்தின் முன் நான் சிறுபிள்ளையாகிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் ஊர்ப்பெயர்களை ஐரோப்பிய ஒலிப்பில் படிப்பான்; நான் அவற்றின் அரபு வேரைச் சொல்வேன். அல்மேரியா என்பது ‘அல்மரிய்யா’, காவற்கோபுரம். அல்ஜெசிராஸ், ‘அல்ஜஸீரா’, தீவு. குவாதல்கிவிர் ஆறு, ‘அல்வாதில் கபீர்’, பேராறு. ஜிப்ரால்டர், தாரிக்கின் மலை. வலென்சியாவில் 1145இல் பிறந்த இப்னு ஜுபைர், 1183இல் கிரனடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, திரும்பும் வழியில் சிசிலிக் கரையில் கப்பல் உடைந்து உயிர் தப்பி, 1185இல் வீடு சேர்ந்த வரலாற்றை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த ஊர்களைக் கண்ணால் காணும் வாய்ப்பு எனக்கு வருமென்று நினைத்ததில்லை.

வண்டியைக் கடற்கரையிலேயே நிறுத்தித் தூங்கலாமோ என்று கேட்டேன். கூடாதாம். ஸ்பெயினில் 1988ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டம் கரைமீது வண்டியை நிறுத்துவதையும் கூடாரமிடுவதையும் தடுக்கிறது. ஆகவே அதற்கென உள்ள தங்குதிடல்களை முன்கூட்டியே தேர்ந்து, எங்கே நல்ல தண்ணீர் நிரப்புவது, எங்கே கழிவுத் தொட்டியைக் காலி செய்வது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும் என்றான். வழியில் கண்ட காட்சிகளைப் பற்றி நூல் எழுதியவர்கள் இந்தக் கழிவுத் தொட்டியைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் பயணம் நடப்பது அதனால்தான்.

பேச்சு இப்படிச் சுவையாகச் சென்றுகொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

“அவ்வளவு தூரம் போறவன், என்னைய ஒருதடவ பரங்கிப்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போகக்கூடாதா?”

உம்மாவுக்கு வயது 83. பரங்கிப்பேட்டையில் பிறந்தவர். 1959இல் அவ்வூர் நிலையத்தில் ரயிலேறி, விழுப்புரம் வழியாகத் திண்டிவனத்திற்கு மருமகளாக வந்தவர். திண்டிவனத்திலிருந்து பரங்கிப்பேட்டை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அவர் அங்கே கடைசியாகச் சென்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் பதில் சொல்லவில்லை. மருமகன்தான் எழுந்து சென்று, “நம்மிடமும் கடற்கரை இருக்கிறதே, போவோம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

வரைபடம் மாறியது. இளைஞர்களுக்கு எதிலும் பேராசைதான். மரக்காணத்தில் கடலைத் தொட்டு, புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை என்று காயல்பட்டினம் வரை கோடு இழுத்துவிட்டான். நானும் உற்சாகத்தில் சேர்ந்துகொண்டேன். இந்தக் கரைக்கு அரபியர் ‘மஅபர்’, அதாவது கடக்குமிடம் என்று பெயரிட்டதையும், இலங்கையிலிருந்து வந்த இப்னு பதூதா இதே கரையில் தட்டுத் தடுமாறி இறங்கியதையும் அவனுக்குச் சொன்னேன். நம் திண்டிவனத்திற்கே ஒரு பழைய வழிகாட்டி நூல் இருக்கிறது என்பதையும் சொன்னேன். சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் செய்வது அதைத்தானே! ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் காண எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர் ஊராக வழி சொல்லி, எந்த ஊரில் யார் என்ன உணவு தருவார்கள், எங்கே சுட்ட மீன், எங்கே நண்டு என்பதைக்கூடப் பாணனுக்கு எடுத்துரைக்கிறார் நல்லூர் நத்தத்தனார். எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தைச் சார்ந்த பகுதி என்றும் அறிஞர் கொள்வர். நம் முன்னோர் கரையோரப் பயணத்தை முறையாகத் திட்டமிட்டவர்கள் என்பதில் எனக்குப் பெருமை பொங்கியது. அந்நூலில் முதியவள் ஒருத்தியை உடன் அழைத்துச் செல்வது எப்படி என்பது இல்லை.

வண்டிக்காக விழுப்புரம் சென்றோம். வாடகை வண்டிகள் நிற்கும் கொட்டகை ஒன்றில், படுக்கையும் கழிப்பிடமும் உள்ள வண்டி வேண்டும் என்று மருமகன் கேட்டதும் உரிமையாளர் சிரித்துவிட்டார். “கல்யாண வேன்தான் தம்பி இருக்கு. பாட்டு வேணும்னா போடலாம்.” பன்னிரண்டு பேர் அமரும் டிராவலர் வண்டியைக் காட்டினார். இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போடச் சட்டம் இடந்தராது. இறுதியில், பின்வரிசை நீள இருக்கையில் இலவம்பஞ்சு மெத்தையைப் பரப்பி, விழாதிருக்க ஓரத்தில் பலகை வைத்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. சமையல் எரிவாயு உருளையை ஏற்ற ஓட்டுநர் உறுதியாக மறுத்தார். அவர் மறுத்தது சரியே. கட்டுச்சோறும் வெந்நீர்க் குடுவையும் போதும். கழிப்பிடத்திற்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலி ஒன்றும், நாற்புறமும் மறைக்க இரண்டு பழைய சேலைகளும்.

காலம் எது என்பதிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. மருமகனின் அடுத்த விடுமுறை டிசம்பரில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் இந்தக் கரைக்கு ஆகாத மாதங்கள். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ கடலூரைச் சூறையாடியது. 2020 நவம்பரில் ‘நிவர்’ மரக்காணம் அருகே கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ வந்தபோது நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டமே நீரில் நின்றதை நாம் மறக்கவில்லை. ஆகவே தை பிறக்கட்டும் என்றேன். உம்மா என்னை ஒரு முறை பார்த்தார்.

“தை வரைக்கும் நான் இருப்பேன்னு யாரு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தா?”

இந்த மாதமே என்று உறுதியாயிற்று.

அதற்கு முன் ஒத்திகை பார்ப்பது நல்லது என்று மருமகன் சொன்னான். அவன் சொன்னவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகைக்குப் பின் உம்மாவை ஏற்றிக்கொண்டு மரக்காணம் வரை சென்றோம். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஐம்பதாவது நிமிடத்தில் அவருக்கு இடுப்பு வலி தாங்கவில்லை. சேலை மறைப்பைக் கட்ட எங்களுக்குத் தெரியவில்லை. காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது. என் மனைவி எங்களை விலகச் சொல்லிவிட்டுத் தானே எல்லாவற்றையும் செய்தாள். நாங்கள் உப்பளங்களைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றோம். பாத்திகளில் நீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது உம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு, “உப்புக் காத்து. எங்க ஊரு வாடை வருது” என்றார்.

அன்று மாலை மருமகன் பேனாவை எடுத்து, காயல்பட்டினம் முதல் தரங்கம்பாடி வரை எழுதியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாக அடித்தான். மீதமிருந்தது பரங்கிப்பேட்டை ஒன்றுதான். ஐம்பது நிமிடத்திற்கு ஓர் இடம் என்று மூன்று நிறுத்தங்கள். புதுச்சேரிக்கு முன் ஒன்று, கடலூரில் ஒன்று, நெடுஞ்சாலையிலிருந்து பரங்கிப்பேட்டைக்குத் திரும்புமுன் ஒன்று. நூறு கிலோமீட்டருக்கு ஒரு பகல்.

தொழுகை வேளைகளை நான் வகுத்தேன். இங்கே ஒரு சிக்கல். எங்கள் அத்தாவின் குடும்பம் ஹனஃபி. உம்மா கரையோர ஊர்க்காரர், ஷாஃபி மத்ஹபு. பயணத்தில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழ அவருக்கு அனுமதி உண்டு, எனக்கில்லை. ஒளூச் செய்வதே பெரும்பாடாகிவிட்ட அவருக்கு அந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்று சேலை மறைப்புக்குப் பின்தான் எனக்கு உறைத்தது. நாற்பது ஆண்டுகளாக அதை இரு மத்ஹபுகளின் வேறுபாடு என்று மட்டுமே படித்திருக்கிறேன்.

பரங்கிப்பேட்டையில் தங்கும்போது தொழுகையைச் சுருக்குவதா, முழுமையாகத் தொழுவதா என்று உம்மா கேட்டார். மணமாகி வேறூரில் நிலையாகக் குடியேறிவிட்ட பெண்ணுக்குப் பிறந்த ஊர் சொந்த ஊராக நீடிப்பதில்லை. ஓரிரு நாள் தங்கினால் அவர் அங்கே பயணியே என்று சட்டத்தை விளக்கினேன்.

“எங்க வாப்பா வீட்டுல நான் முஸாஃபிரா?”

“சட்டப்படி அப்படித்தான் உம்மா.”

“சுருக்கித்தான் தொழணும்னு எங்க மத்ஹபுல கட்டாயமா?”

“இல்லை. சலுகைதான். முழுமையாகத் தொழுதாலும் கூடும்.”

“அப்ப நான் நாலு ரக்அத்தும் தொழுவேன். அந்த வீட்டுலதான் தொழுவேன்.”

இவ்வளவு நேரமும் நான் எழுதாமல் விட்ட ஒன்றை இனி எழுத வேண்டும். வண்டியில் படுக்கை வேண்டும் என்று விழுப்புரத்தில் மருமகனைவிட நானே அதிகம் வற்புறுத்தினேன். உம்மாவின் இடுப்பு மட்டும் அதற்குக் காரணமன்று. வண்டியிலேயே படுத்துக்கொண்டால் அந்த வீட்டின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை அல்லவா?

2003இல் என் தாய்மாமனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பாட்டனார் விட்டுச்சென்ற அந்த வீட்டில், ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கையில் மகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு, சான்றுகளுடன் எழுதியிருந்தேன். கணக்கில் பிழையில்லை. மறு ஆண்டே மாமா பணமாகக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றே: “எந்தங்கச்சி கேட்டாளா?” உம்மா கேட்கவில்லை. அண்ணன் இருக்கட்டும் என்றே நினைத்திருந்தார். என்னிடம் அதைச் சொல்லவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. அந்தப் பணத்தை உம்மா தொடவுமில்லை. அதன்பின் போக்குவரத்து நின்றது.

2016இல் மாமா மௌத்தானார். அதிகாலையில் செய்தி வந்தது. உம்மா புடைவை மாற்றிக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டார். வண்டி கிடைக்கவில்லை என்று சொன்னேன். திண்டிவனத்தில் வண்டி கிடைக்காமலா போகும்? பத்து மணிக்கு மேல் நான் மட்டும் பேருந்தில் சென்று சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உம்மா அன்றும் ஒன்றும் கேட்கவில்லை. மரக்காணத்திலிருந்து திரும்பும் வழியில், மெத்தையில் படுத்தபடி, “இந்த மாதிரி வண்டி அப்பவே இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நேற்று இஷாவுக்குப் பின் மாமாவின் மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். எண்ணை அக்காதான் பிரான்சிலிருந்து தந்தாள். ஸலாம் சொல்லிவிட்டு யாரென்று சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. உம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறோம், பெரிய வண்டி, உள்ளேயே படுக்கை இருக்கிறது, உங்களுக்குச் சிரமம் இராது என்று நான் விளக்கிக்கொண்டே போனேன்.

“எவ்வளவு பெரிய வண்டி?” என்றார்.

சொன்னேன்.

“நம்ம சந்துக்குள்ள அது நுழையாது மச்சான். பள்ளிவாசல் பக்கத்துல நிறுத்திடுங்க. மாமிய உட்கார வச்சுத் தூக்கிட்டு வர நாற்காலியோட நாங்க நாலு பேரு வந்துடுறோம். கட்டில் அவங்க பழைய அறையிலதான் கிடக்கு.”

எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். மருமகன் எழுதி வைத்திருந்த தாளில் அந்த இடத்தில் ‘ஓர் இரவு, வண்டியில்’ என்று இருந்தது. உம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.