எஸ்பிளனேடில் இடிக்கப்பட்ட கல்

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் பூங்காவில் செனோடாஃப் என்னும் போர் நினைவுத் தூண் கம்பீரமாக நிற்கிறது. பிரிட்டிஷ் பேரரசுக்காக உயிர்விட்டவர்களுக்கு எழுப்பியது அது. அதே பூங்காவில் ஒரு நினைவுப் பலகையும் உண்டு. இங்கே இன்னொரு நினைவுச்சின்னம் இருந்தது என்று அது சொல்கிறது. 1995-இல் சிங்கப்பூர் அரசு அந்தப் பலகையை வைத்தது. அது குறிக்கும் சின்னம் மண்ணில் நின்றது சில வாரங்கள்தான்.

அது இந்திய தேசிய ராணுவத்தின் வீரர்களுக்கானது. 1945 ஜூலை 8 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். கர்னல் சிரில் ஜான் ஸ்ட்ரேசி என்ற ஆங்கிலோ இந்திய அதிகாரி முன்னின்று கட்டினார். இத்திஃபாக், இத்மாத், குர்பானி என்று மூன்று உருதுச் சொற்களை அதில் பொறித்தார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது பொருள். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான படைகள் சிங்கப்பூருக்குத் திரும்பியதும் சின்னத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். போர் முடிந்துவிட்டது, எதிரே படையும் இல்லை. கல்லை மட்டும் விட்டுவைக்க அவர்களுக்கு மனமில்லை.

அந்தக் கல் நினைவூட்டியது ஒரு தோல்வியை. 1944-இன் இம்பால் படையெடுப்பு, ஜப்பானிய ராணுவம் அதுவரை கண்ட மிகப் பெரிய தரைப்படைத் தோல்விகளுள் ஒன்று. அதில் ஜப்பானியரோடு சேர்ந்து பர்மா மலைகளைக் கடந்தவர்கள் இந்திய தேசிய ராணுவத்தினர்.

யார் அவர்கள்? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் ஒரு பகுதி. மறுபகுதி மலேயா, பர்மா வாழ் இந்தியர்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, லயத்து வீட்டில் முடங்கிக் கிடந்த மனிதர்கள். இந்தியாவைப் பார்த்தே அறியாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அதே தோட்டங்களிலிருந்துதான் ஜப்பானியர் ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்று சாகவிட்டார்கள். ஒரே லயத்திலிருந்து ஒருவர் தண்டவாளத்துக்கும் இன்னொருவர் போர்முனைக்கும் போன காலம் அது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணி படை உருவானபோது தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினார்கள்.

படையெடுப்பு 1944 மார்ச்சில் தொடங்கியது. ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி மூன்று டிவிஷன்களைச் சிந்த்வின் ஆற்றுக்கு அப்பால் அனுப்பினார். கையிலிருந்தது ஏறக்குறைய மூன்று வாரத்துக்கான உணவு. மிச்சத்தை இம்பாலில் எதிரியின் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. வழியில் உணவாகட்டும் என்று மாட்டு மந்தைகளையும் ஓட்டிச் சென்றார்கள். ஆற்றிலும் மலைச்சரிவிலும் மாடுகள் மடிந்தன. எதிரே பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம், திட்டமிட்டே தன் படைகளை இம்பால் சமவெளிக்குப் பின்வாங்கச் செய்திருந்தார். சாலைகள் துண்டிக்கப்பட்டாலும் அவருக்கு விமானத்தில் அரிசியும் குண்டும் வந்து இறங்கின. முற்றுகையிட்டவர்கள் பட்டினி கிடந்தார்கள், முற்றுகைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 14 அன்று, இம்பாலுக்குத் தெற்கே லோக்டாக் ஏரிக்கு அருகிலுள்ள மொய்ராங்கில் கர்னல் ஷௌகத் அலி மாலிக் மூவர்ணக் கொடியை ஏற்றினார். இந்திய தேசிய ராணுவம் இந்திய மண்ணில் நிமிர்ந்து நின்ற நாள் அது.

அதன் பிறகு சரிவுதான். இந்திய தேசிய ராணுவத்தின் காந்தி பிரிகேட் வீரர்கள் கனரக ஆயுதங்களைப் பின்னால் விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு துப்பாக்கி, 50 ரவையுடன் பாலேல் முனைக்கு விரைந்திருந்தார்கள். இம்பால் விழுந்துவிடும், பெரிய சண்டை இருக்காது என்று அவர்களை நம்பவைத்திருந்தார்கள். மலைக்குளிரில் அந்த ஒற்றைப் போர்வையும், பீரங்கிக்கு முன்னால் அந்த 50 ரவையும் என்ன செய்யும்? மழை பிடித்தது. அரிசி தீர்ந்தபின் காட்டுக்கீரையைப் பறித்துத் தின்றார்கள். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆளைத் தின்றன. ஜூன் 22 அன்று கோஹிமா–இம்பால் சாலையை பிரிட்டிஷ் படை திறந்தது. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது. ஜப்பானியர் திரும்பிய பாதைக்கு அவர்களே வைத்த பெயர் எலும்புச் சாலை.

போர்முனைக்குச் சென்ற இந்திய தேசிய ராணுவத்தினர் சுமார் 6,000 பேர். சண்டையில் இறந்தவர்கள் சுமார் 400 பேர் என்றும், நோயிலும் பசியிலும் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்றும் வரலாற்று நூல்கள் கணக்கிடுகின்றன. சரணடைந்தவர்களும் படையை விட்டுப் போனவர்களும் உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு வீரம் பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

படையெடுப்பு தோற்றது. ஆனால் அதன் கதை அடுத்த ஆண்டு டெல்லியில் தொடர்ந்தது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளையும் பிரிட்டிஷார் கூண்டில் ஏற்றினார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். பூலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். நேரு பல ஆண்டுகளுக்குப் பிறகு வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டார். நாடே கொந்தளித்தது. ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டும், 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்து மூவரையும் விடுவித்தார். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இந்தியச் சிப்பாயை நம்பி இனி இந்தியாவை ஆள முடியாது என்பது பிரிட்டிஷாருக்குத் தெளிவானது. இம்பாலில் தோற்ற படை செங்கோட்டையில் வென்றது.

இந்த நினைவில் நாம் கடந்து போகும் ஒரு பக்கமும் இருக்கிறது. கோஹிமாவின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள் உள்ளன. பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டு, தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் தனியே பொறிக்கப்பட்டுள்ளன. அதே படையெடுப்பின்போது துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தைத் தாண்டிக் கைகலந்த சண்டை நடந்த இடம் அது. மைதானத்தின் கோடுகளை இன்றும் வெள்ளையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த 917 பேரும் நம்மவர்கள்தான். எதிரெதிரே நின்ற இருவருக்கும் ஊர் ஒரே ஊராக இருந்திருக்கலாம். ஒருவரை வீரர் என்றும் மற்றவரைக் கூலிப்படை என்றும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. போர் நடந்த மலைகளில் வாழ்ந்த நாகா, மணிப்பூர் மக்கள் இழந்த வீடும் வயலும் இரு தரப்புக் கணக்கிலும் சேரவில்லை.

சுதந்திர இந்தியா இந்திய தேசிய ராணுவத்தினரைத் தன் ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2019 குடியரசு நாள் அணிவகுப்பில்தான், தொண்ணூறு வயதைத் தாண்டிய நான்கு முதியவர்கள் அந்தப் படையின் சார்பில் ராஜபாதையில் வந்தார்கள். தமிழ்நாட்டு மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தங்கள் வழியில் நினைவைக் காத்துவந்தார்கள். வங்காளத் தலைவரின் முழுப்பெயரைச் ‘சுபாஷ் சந்திர போஸ்’ என்று தங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே சூட்டினார்கள். நம் ஊர்ப் பள்ளி வருகைப் பதிவேடுகளில் அந்தப் பெயர் அரிதல்ல.

எஸ்பிளனேடில் தகர்த்த சின்னத்தின் மாதிரி இன்று மொய்ராங்கில், கொடி ஏறிய ஊரிலேயே நிற்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து நடந்து போய்க் காட்டில் விழுந்த தமிழர் பலரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மலேயா போய் வந்த தாத்தா, பாட்டி உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவர்கள் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய படத்தையும் தாளையும் எடுத்துப் பாருங்கள். பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். கல்லை வெடிவைத்துத் தகர்க்க ஒரு நாள் போதும். எழுதி வைக்காத பெயர் அழிய வெடிகூட வேண்டாம்.