பச்சையும் சிவப்பும்

எங்கள் வீட்டு வாசலில் உறை போட்டு நின்ற ஸ்விஃப்ட் காரைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 2008-ல் நான் ஓய்வு பெற்றபோது வாங்கியது. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி. அவள் போன பிறகு அதில் ஏற எனக்கு மனம் வரவில்லை. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதோடு சரி.

போன வருடம் மகள் வயிற்றுப் பேரன் வந்து கேட்டான்.

"தாத்தா, ஆட்டோகிராஸ் ஓட்டணும். இந்த வண்டியைத் தருவீங்களா?"

அது என்னவென்று வாசக நண்பர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பெரிய தார்த் தளத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு வளைவுப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டி. கடிகாரத்தோடுதான் போட்டி. கூம்பைத் தட்டினால் நேரத்தோடு சில விநாடிகள் கூடும். கண்மண் தெரியாத வேகம் இல்லை, வளைக்கும் திறமைதான் முக்கியம்.

"டயரில் பட்டன் அப்படியே இருக்கு, புதுசு மாதிரி" என்றேன். அவன் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினான்: 1814. 2014-ஆம் ஆண்டின் 18-வது வாரத்தில் தயாரானது. விரல் நகத்தால் அழுத்தச் சொன்னான். ரப்பர் கல்லாக இருந்தது. ஓரங்களில் முடி போல் வெடிப்பு. ஓடாமலே கெட்டுப்போயிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் சாவியைக் கொடுத்தேன்.

பழைய அளவு 165/80, 14 அங்குல ரிம். அவன் கேட்டது 195/60, 15 அங்குலம். குமாஸ்தா அல்லவா, நோட்டை எடுத்தேன். 165-ல் 80 சதவீதம் 132. மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 355.6. மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர். புதியது 234-உம் 381-உம் சேர்ந்து 615. வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. மீட்டர் பொய் சொல்லாது என்று திருப்தியானேன். அகலம் கூடி, பக்கச்சுவர் குட்டையாவதால் வளைவில் டயர் மடங்குவது குறையும். ஆனால் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். மழைத் தண்ணீரில் வழுக்கும் அபாயமும் கூடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே எங்காவது உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

அடுத்து வீல் அலைன்மென்ட். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேலையை 'பராலெலிஸ்ம்' என்பார்கள். பள்ளியில் ஜியோமெத்ரி வகுப்பில் படித்த சொல். இணைகோடுகள் ஒருநாளும் சந்திக்கா. சக்கரங்களும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது என் நம்பிக்கை.

பேரன் கேட்டது வேறு. முன்சக்கரங்களின் மேல்பக்கம் ஒன்றரை டிகிரி உள்ளே சாய வேண்டும். வளைவில் வண்டி சரியும்போது வெளிப்பக்க டயர் தரையில் முழுசாகப் படியும். இதற்குப் பெயர் கேம்பர். மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் மொத்தம் மூன்று மில்லிமீட்டர் விரிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் தொட்டதும் வண்டி திரும்பும். இது டோ. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் அதை முதலில் வைத்து, டோவைக் கடைசியில் வைக்க வேண்டும்.

ஓட்டுகிறவர் எடையோடு அளவெடுத்தால்தான் சரியாக இருக்குமாம். பேரன் கணினித் திரை அருகே நிற்க வேண்டியிருந்ததால், ஏறக்குறைய அதே எடையுள்ள நான் அவன் இருக்கையில் உட்கார்ந்தேன். மனைவி போன பிறகு முதல்முறையாக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

திரையில் எல்லாம் சிவப்பு. கடைக்காரர் தயங்கினார். "ஐயா, பச்சை வந்தாத்தான் சரி. இப்படியே ரோட்டுல ஓட்டினா உள்பக்கம் தேஞ்சிடும். வண்டியும் அங்க இங்க இழுக்கும்." முப்பத்தெட்டு வருடம் விதிப்படி கையெழுத்துப் போட்டவனுக்கு அந்தச் சிவப்பு உறுத்தியது. ஒரு நிபந்தனை போட்டேன். மைதானத்துக்கு மட்டும்தான் இந்த டோ. வீடு திரும்பும்முன் பழையபடி வைத்துவிட வேண்டும். டை ராடில் எவ்வளவு திருப்பினோம் என்று வெள்ளைப் பெயின்டால் குறி போட்டு, நோட்டிலும் எழுதிக்கொண்டேன்.

போட்டியன்று டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தான். ஒரு சுற்று முடிந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டினான். அழிந்தது கூடிப்போனால் காற்றுக் குறைவு என்று அர்த்தம். கடைசிச் சுற்றில் இரண்டு கூம்புகளைத் தட்டிவிட்டான். பரிசு இல்லை.

இருட்டிவிட்டது. தூறலும் தொடங்கியது. களைத்திருந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாமா தாத்தா?" என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அந்த மழையில், நான் ஏறியிருக்க மாட்டேன். இன்னொரு முறை சாவியைக் கொடுத்திருக்கவும் மாட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வண்டிக்கடியில் பாயை விரித்துப் படுத்தான். நான் டார்ச் பிடித்தேன். நோட்டைப் பார்த்து அளவைச் சொன்னேன். வெள்ளைக் குறிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

மறுநாள் கடையில் திரையைப் பார்த்தோம். டோ பச்சை. கேம்பர் மட்டும் சிவப்பு. அது இருக்கட்டும் என்றேன்.

காரின் உறை இப்போது மாடிப்படிக்கு அடியில் மடித்துக் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் காய்கறி வாங்க நானே வண்டியை எடுத்துப் போகிறேன்.