பன்றிக்குப் பின்னால்

வேட்டைத் துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தில் நாங்கள் இருமுறை இறங்கியிருக்கிறோம். முதல்முறை எங்களில் மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவனுக்குப் பத்து. இரண்டாம் முறை இருவருக்கும் தலை நரைத்திருந்தது. இரண்டு முறையும் வாங்கவில்லை.

முதல் தேர்வுக்குக் காரணம், நூலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த 'குமாயுன் புலிகள்'. தி.ஜ.ர.வின் தமிழில் ஜிம் கார்பெட். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குப் பரிசளிக்கப்பட்ட ரிக்பி .275 எங்கள் கனவுகளில் எல்லாம் வந்தது. 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியதும் அதே ரைபிள்தான். கென்னத் ஆண்டர்சனைப் படித்த பிறகு வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாயின. அவருடையது .405 வின்செஸ்டர், விசைக்குக் கீழே தொங்கும் நெம்புகோலை இறக்கி ஏற்ற வேண்டும். கார்பெட்டினுடையதோ போல்ட் ஆக்‌ஷன். அது எப்படி இயங்கும் என்பதை எங்களுக்குப் புரியவைத்தது கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே துள்ளி விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். இந்த நான்கு அசைவுகளையும் அந்தத் தாழ்ப்பாளில் எத்தனை ஆயிரம் முறை பழகியிருப்போமோ தெரியாது. அது கழன்று விழுந்த அன்று அம்மாவிடம் வாங்கிய அடியோடு முதல் தேர்வு முடிவுக்கு வந்தது.

இரண்டாம் தேர்வில் கனவு ஏதும் இல்லை. பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் கொல்லை இருக்கிறது. கரிசல் மண், மானாவாரி மக்காச்சோளம். புரட்டாசியில் விதைத்தால் மார்கழியில் கதிர் பால் பிடிக்கும். பன்றிகளுக்கும் அந்தத் தேதி தெரியும். 2023 மார்கழியில் ஒரே இரவில் ஏறக்குறைய முக்கால் ஏக்கர் தரையோடு சாய்ந்து கிடந்தது. தின்றது கொஞ்சம், மிதித்தது அதிகம். பன்றி தின்னும் விதத்தில் ஓர் அலட்சியம் உண்டு; ஒரு கதிருக்காக நான்கு தட்டைகளை ஒடிக்கும். வரப்பில் நின்று அதைப் பார்த்த காலையில்தான், இத்தனை ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த விஷயத்தை மறுபடி பேசத் தொடங்கினோம்.

இம்முறை ரிக்பியெல்லாம் பேச்சில் வரவில்லை. இந்தியாவில் உரிமம் பெற்ற ஒருவர் வாங்கக்கூடிய போல்ட் ஆக்‌ஷன் என்றால் முதலில் நிற்பது இஷாப்பூர் தொழிற்சாலையின் .315. பார்வைக்கு அது பழைய போலீஸ்காரர் தோளில் கண்ட லீ என்ஃபீல்டுதான். இயக்கமும் அதே வழிவந்தது. தோட்டா மட்டும் வேறு. .303 ராணுவத் தோட்டா என்பதால் குடிமக்கள் கைக்கு அது வரக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே தடுத்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்தது எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த.315. மவுசர் வகையில் தாழ்ப்பாளைத் திறக்கும்போதே சுத்தியல் ஏறிக்கொள்ளும், என்ஃபீல்டு வகையில் மூடும்போது ஏறும்; எது விரைவு என்பதைப் பற்றி இரண்டு மாலைகள் வாதாடினோம். ஐந்து தோட்டா கொள்ளும் பெட்டி போதுமா, கூட்டத்தில் எட்டுப் பன்றி வந்தால் என்ன செய்வது என்றுகூடக் கணக்குப் போட்டோம். இப்போது அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

தாய்மாமா இருப்பது அரியலூர் மாவட்டத்தில், கரைவெட்டி ஏரிக்கு அருகில். அவரிடம் யோசனை கேட்கப் போனோம். அவர் பேசாமல் உள்ளே போய்த் தாத்தாவின் பழைய உரிமப் புத்தகத்தை எடுத்துவந்து வைத்தார். நெல் வயலில் இறங்கும் பறவைகளை விரட்டத் தாத்தா வைத்திருந்தது, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அந்த வகையைத்தான். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், உள்ளே புரி வெட்டாத வழவழப்பான குழல் கொண்ட வேறொன்றைத் தரலாம். குழலுக்குள் புரி வெட்டிய ரைபிள் அந்த வரியிலேயே இல்லை. உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது. அதற்கு வனவிலங்குச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். 1972ஆம் ஆண்டின் அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்ட பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது.

எங்களுக்குக் கோபம் வந்தது. டில்லியில் உட்கார்ந்து எழுதியவனுக்குப் பன்றியைத் தெரியுமா என்றோம். மாமா, "தாத்தா ஒரு தடவ சுட்டா, அடுத்த தடவ கெட்டிக்கிறதுக்குள்ள வெத்தலை போட்டு முடிச்சிருவாரு" என்று மட்டும் சொன்னார். அதைக் குறையாகச் சொன்னாரா, நிறையாகச் சொன்னாரா என்று அப்போது விளங்கவில்லை. தாத்தாவுக்குப் பிறகு துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்கள். ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் காட்ட மாமா இப்போது பேரப்பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போகிறார்.

திரும்பும் வழியில், மாமா சொன்னபடியே எறையூர் போனோம். அங்குள்ள நரிக்குறவர் குடியிருப்பில் துப்பாக்கி அறிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். இந்த மக்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆயிற்று. துப்பாக்கியைப் பற்றி ஐயம் என்றால் மட்டும் ஊரே அவர்களிடம்தான் ஓடும். பாசி கோத்துக்கொண்டிருந்தவர் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். .315, .30-06, புரி, தூரம். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பன்னிக்குப் பின்னால என்ன இருக்கு, சாமி?"

எங்களுக்குப் புரியவில்லை. பன்றியின் மேல் பட்டாலும் தோட்டா சிலவேளை நிற்காது, படாவிட்டால் நிற்கவே நிற்காது என்றார். மலைச்சரிவில் சுட்டால் மண் வாங்கிக்கொள்ளும். "உங்க கொல்லை தட்டு மாதிரி கெடக்கு. எங்க போயி நிக்கும்?" அவர் கைத்துப்பாக்கியில் போட்ட ரவை சில நூறு அடியில் சோர்ந்து விழும். ரைபிள் தோட்டா இரண்டு மூன்று கிலோமீட்டர் போகக்கூடியது. எங்கள் வரப்பில் நின்று அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுப் பார்த்தோம். அதற்குள் இரண்டு ஊர்கள், ஒரு பள்ளிக்கூடம், சாலை, வெங்காயப் பட்டறைகளுக்குக் காவல் படுத்திருக்கும் ஆட்கள். கார்பெட் நின்ற இடத்தில் அவருக்குப் பின்னாலும் முன்னாலும் மலை இருந்தது. புத்தகத்தில் அது வெறும் வர்ணனை என்று நினைத்துத் தாண்டியிருந்தோம்.

அப்படியும் மனம் முழுதாக அடங்கவில்லை. பரண் கட்டி மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தோட்டா மண்ணுக்குள்தானே போகும் என்று மூத்தவன் சொன்னான். அது நியாயமான வாதம்தான். பரணையும் கட்டினோம். துப்பாக்கி இல்லை, ஒரு தகர டின், வெடிக்கட்டு, ஐந்து செல் டார்ச்சு.

மூன்றாம் நாள் இரவு, ஒரு மணி இருக்கும். பனி. தட்டைகளுக்குள் சரசரவென்று ஏதோ வந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ஒரு தட்டை ஒடியும் சத்தம். மக்காச்சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கையில் எதுவும் தெரியாது. அசைவு மட்டும் தெரியும். தாழ்வாக, கனமாக, எங்களை நோக்கி வரும் அசைவு. மூத்தவனின் வலக்கை தன்னால் மேலே எழுந்து, பின்னால் போய், முன்னால் வந்ததை இளையவன் பார்த்தான். தாழ்ப்பாளின் அந்த அசைவுகள். நாற்பது ஆண்டுகளாகக் கை மறக்கவில்லை.

டார்ச்சைப் போட்டோம்.

"யாரு, தம்பியா? வெளிச்சத்தக் கண்ணுல அடிக்காதய்யா."

பக்கத்துக் கொல்லை அக்கா. மும்முனை மின்சாரம் அந்த நேரத்துக்குத்தான் வருகிறது. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட மோட்டார் போடக் கிணற்றுக்குப் போகிறாள். வரப்பைச் சுற்றினால் தூரம் என்று எங்கள் சோளத்துக்குள் குறுக்கே விழுந்துவிட்டாள். தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு குனிந்தபடி வந்ததால் அந்த உருவம். "ரெண்டு தட்டை ஒடிஞ்சிபோச்சு, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் விடியும்வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. காலையில் அந்தக் கணக்குக் காகிதம் உத்திரத்தில் ஏறியது.

பன்றிகள் என்னவோ வந்துகொண்டுதான் இருக்கின்றன. கள்ளத்தனமாக மின்வேலி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பன்றி சாவதைப்போலவே மனிதரும் சாகிறார்கள். 2022இல் கேரளம், உரிமத் துப்பாக்கி வைத்திருப்போரைக் கொண்டு சுட உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி தரலாம் என்றது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு வேறு விதமாக முடிவெடுத்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துத் திரும்பக் காட்டில் விடவேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். சுடுகிற வேலை பயிற்சி பெற்றவர்களுடையது என்பதில் எங்களுக்கு நிம்மதியே. அவர்கள் எந்த ரைபிளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று யோசிப்பதை மட்டும் விட முடியவில்லை.

அறிவிப்பு வந்த வாரம், கைப்பேசி வரைபடத்தை வைத்துக்கொண்டு கொல்லையின் தூரத்தை அளந்தோம். கிழக்கு மேற்காக நீண்ட துண்டு அது. மேற்கு வரப்பு, காட்டு எல்லையிலிருந்து 2.9 கிலோமீட்டர். கிழக்கு வரப்பு மூன்றைச் சற்றே தாண்டுகிறது. பன்றி எந்தப் பக்கம் நின்று தின்கிறது என்பதை இனிமேல் நாங்கள் கவனித்துச் சொல்லவேண்டும்.